என்.சி.டி. சபை ஆய்வு: எடுக்கலாம், ஆனால் வந்துவிட்டுப் போனவர்களையும் கேளுங்கள்

சபையின் ஆரோக்கியத்தை அளந்து பார்க்கலாம் என்று சொன்னாலே பலருக்கு முகம் சுருங்கும். ஆவியானவர் செய்கிற வேலைக்கு நாம் மதிப்பெண் போடுவதா என்பார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குப் போன கடிதங்களைப் பாருங்கள். எங்கே எது நன்றாக இருக்கிறது, எது குறைகிறது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறது. சர்தை சபைக்கு உயிருள்ள சபை என்று பேர் இருந்தது, நிலைமை அப்படி இல்லை. வெளியே இருக்கும் பேரும் உள்ளே இருக்கும் நிலையும் இவ்வளவு தூரம் விலகிப்போக முடியும் என்றால், யாராவது உட்கார்ந்து பார்த்துத்தானே ஆக வேண்டும்?

அதற்காக எங்கள் சபை எடுத்தது நேச்சுரல் சர்ச் டெவலப்மென்ட் என்ற ஆய்வுச் சேவை, சுருக்கமாக என்.சி.டி. நிர்வாகக் குழுவில் இருந்துகொண்டு ஆரம்பம் முதல் இதைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது உண்மையாகவே உதவும் ஒரு கருவி, எடுக்கலாம். ஆனால் புதிதாக உள்ளே வருகிற ஒருவரை உங்கள் சபை எப்படி வரவேற்கிறது என்பது மட்டும் இதில் சரியாகத் தெரியாது, அதற்கு நீங்கள் தனியாக உழைக்க வேண்டும்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் 1994 முதல் 1996 வரை 32 நாடுகளில் 1000 சபைகளை ஆராய்ந்து உருவாக்கிய முறை இது. ஒரு சபைக்கு 30 பேர் வரை கேள்வித்தாளை நிரப்பினார்கள், மொத்தம் 42 லட்சம் பதில்கள் சேர்ந்தன. வளர்கிற, ஆரோக்கியமான சபைகளில் பொதுவாக இருப்பவை என்று அதிலிருந்து எட்டு குணங்களைப் பிரித்தெடுத்தார்கள். பிறரை வளர்த்துவிடும் தலைமை, வரங்களுக்கேற்ற ஊழியம், அனலுள்ள ஆவிக்குரிய வாழ்க்கை, பலன் தரும் அமைப்புகள், உள்ளத்தைத் தொடும் ஆராதனை, முழு வாழ்க்கையையும் பேசும் சிறு குழுக்கள், தேவையறிந்து செய்யும் சுவிசேஷ ஊழியம், அன்பான உறவுகள். பெயர்ச்சொல்லைவிட அதன் முன்னால் நிற்கும் சொல்தான் இங்கே முக்கியம், ஏனென்றால் தலைமை, ஆராதனை, அமைப்பு எல்லாம் எந்தச் சபையிலும் இருக்கத்தான் செய்கிறது, அது எப்படிப்பட்டதாக இருக்கிறது என்பதைத்தான் கேள்விகள் தோண்டுகின்றன.

நடைமுறை எளிது. சபையில் 30 பேர் கேள்வித்தாளை நிரப்புகிறார்கள், போதகருக்குத் தனித் தாள் உண்டு. யார் என்ன எழுதினார்கள் என்பது வெளியே தெரியாது. எட்டுக்கும் தனித்தனி எண் வரும், 50 என்பது சராசரி, பெரும்பாலான சபைகள் 35-க்கும் 65-க்கும் நடுவில் விழும். எட்டும் 65-ஐத் தொட்டுவிட்ட சபை வளராமல் இருப்பதில்லை என்பது அவர்களுடைய வாதம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எந்த எண் மிகக் குறைவாக இருக்கிறதோ அதில் முதலில் கை வையுங்கள் என்று அவர்கள் சொல்வதுதான். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பெயரால் அறியப்படும் குறைந்தபட்ச விதி விவசாயத்தில் உண்டு. மண்ணில் எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும், மற்ற சத்துகளை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. இதை உயரம் ஒத்துப்போகாத பலகைகளால் செய்த மரப்பீப்பாயாக வரைந்து காட்டுகிறார்கள், தண்ணீர் எப்போதும் குட்டைப் பலகை வழியாகத்தான் வெளியேறும். சபைகள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. பாட்டு நன்றாக இருக்கிற சபை இன்னும் நல்ல ஒலிபெருக்கி வாங்கும், பிரசங்கம் நன்றாக இருக்கிற சபை இன்னொரு கூட்டம் வைக்கும். கைக்கு வருகிற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை நிறுத்தி, இந்த ஒரு வருஷம் இந்த ஒரு குறையை மட்டும் பார்ப்போம் என்று ஒரு குழுவை உட்கார வைப்பதற்கே இந்த ஆய்வுக்குக் காசு கொடுக்கலாம்.

ஆனால் கேள்வித்தாள் கையில் வருவதற்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. அந்த 30 பேர் யார்? சபை வாழ்க்கையின் மையத்தில் இருப்பவர்களை, ஏதாவது ஒரு ஊழியப் பொறுப்பில் இருப்பவர்களை, முடிந்தால் சிறு குழுவிலும் இருப்பவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். காரணம் புரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தானே சொல்ல முடியும். எங்கள் குழுவில் இந்தப் பட்டியலுக்கே நீண்ட வாக்குவாதம் நடந்தது. மூப்பர்களும் அவர்கள் வீட்டாரும் மட்டுமே நிரம்பிவிடக் கூடாது, இளைஞர்கள் வேண்டும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வேண்டும், முன்வரிசைக்கு வராமல் பின்னாலிருந்து நாற்காலி அடுக்குகிறவர்கள் வேண்டும் என்று பேசிப் பேசித்தான் முடித்தோம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். போதகருக்கு நெருக்கமானவர்களையே வைத்துப் பட்டியலை நிரப்பினால் வருகிற எண்ணும் அப்படித்தான் இருக்கும்.

முடிவு வந்தபோது எங்கள் சபையில் மேலே நின்றது அன்பான உறவுகள். கீழே கிடந்தது தேவையறிந்து செய்யும் சுவிசேஷ ஊழியம். கூட்டத்தில் முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். நாம் அன்பான சபை, வெளியே போய்ச் சொல்வதில்தான் கொஞ்சம் குறை, அதற்கு ஒரு திட்டம் போட்டுவிடலாம் என்று பேச்சு போனது. எனக்கு அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் உறுத்தியது. அன்பான உறவுகள் பகுதியில் அவர்கள் கேட்பவை நல்ல கேள்விகள்: ஆராதனை தவிர்த்த நேரத்தில் ஒருவரோடொருவர் எவ்வளவு பழகுகிறீர்கள், வீட்டுக்கு அழைக்கிறீர்களா, மனதாரப் பாராட்டுகிறீர்களா, சபையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்ற மாதிரி. ஒரு சபை சேர்ந்து சிரிப்பதற்கும் அதன் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்களுடைய ஆய்வு முடிவுகளில் ஒன்று, அதை நான் நம்புகிறேன். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர் ஏற்கெனவே அந்த வட்டத்துக்குள் இருப்பவர். பல வருஷமாகப் பழகின 30 பேர் எங்களுக்குள் நல்ல அன்பு இருக்கிறது என்று எழுதினால் அது உண்மைதான். போன மாதம் முதல்முறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனவருக்கு அதில் ஏதாவது கிடைத்ததா என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்களுடைய நெருக்கமே சில சமயம் கதவைச் சாத்திவிடுகிறது. ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் எல்லோரும் அவரவர் சிநேகிதரைத் தேடிப் போகிறார்கள், ஒரு வாரம் பார்க்காத ஆவல், யாரையும் தவறு சொல்ல முடியாது. ஆனால் யாரையும் தெரியாதவர் அந்த நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்வார். அன்பு அதிகமாக இருக்கிற சபையில்தான் இது அதிகமாக நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே நாங்கள் ஆய்வோடு சேர்த்து எங்கள் சொந்தப் பொறுப்பில் ஒன்று செய்தோம், இந்தச் சேவையை எடுக்கும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். சமீபத்தில் வர ஆரம்பித்தவர்களையும், கொஞ்ச நாள் வந்துவிட்டு நின்றுபோனவர்களையும் தேடிப் போய்ப் பேசினோம். போதகர் போகவில்லை, ஏனென்றால் போதகர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எதைச் சொன்னாலும் பதில் வாதம் பண்ணாமல் கேட்டுக்கொள்ளக் கூடிய இரண்டு மூன்று பேர் போனார்கள். சபைக்குத் திரும்பி வாருங்கள் என்று அந்தச் சந்திப்பில் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் விதி. கேட்டது சின்னக் கேள்விகள்: ஆராதனையில் எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்? முடிந்த பிறகு யார் பேசினார்கள்? ஏதாவது ஒன்று தேவைப்பட்டு, கேட்கத் தயங்கினீர்களா? எப்போது இது நமக்கான இடமில்லை என்று தோன்றியது?

வந்த பதில்கள் எந்த எண்ணையும்விடக் கனமாக இருந்தன. வாசலில் கைகுலுக்கி வரவேற்றார்கள், முடிந்த பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று கிட்டத்தட்ட எல்லோருமே சொன்னார்கள். புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று சொன்னது ஒருவருக்கு அத்தனை கூச்சமாக இருந்திருக்கிறது, அதற்காகவே மறுவாரம் வரவில்லை. திருவிருந்தில் தான் பங்கெடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவர் தலை குனிந்தே உட்கார்ந்திருந்திருக்கிறார், அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. தனியாக வாழும் ஒரு பெண், எங்கள் அறிவிப்புகள் முழுக்கக் குடும்பம் குடும்பம் என்றே இருப்பதைச் சொன்னார், அது வரை எங்களில் யாருக்கும் அது காதில் விழுந்ததே இல்லை. வேறொரு சபையில் காயப்பட்டு வந்த ஒருவருக்கு, சில மாதம் ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்து ஜெபித்தால் போதும் என்றிருந்தது. நாங்கள் ஆர்வத்தில் உடனே ஒரு பொறுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். வரவேற்பு என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, சிலருக்குப் பேச்சுத் துணை வேண்டும், சிலரைச் சும்மா விட வேண்டும், எது யாருக்கு என்று அருகில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட உதவியில் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்படியெல்லாம் இல்லை, நாங்கள் எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம் என்று பன்னிரண்டு அப்போஸ்தலரும் வாதம் செய்யவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களுடைய பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு அது படுகிறது. அந்த ஆதிச் சபை உள்ளுக்குள் அவ்வளவு அன்போடு இருந்த சபை, அப்படியிருந்தும் ஓரத்தில் இருந்தவர்கள் கண்ணில் படவில்லை.

நாங்கள் மாற்றியவை பெரிய விஷயங்கள் இல்லை. திருவிருந்துக்கு முன்னால் யார் யார் பங்கெடுக்கலாம், வேண்டாம் என்றால் எப்படி இருக்கலாம் என்று இரண்டு வரியில் சொல்கிறோம். எழுந்து நிற்கச் சொல்வது நின்றுவிட்டது. ஆராதனை முடிந்த முதல் பத்து நிமிஷம் சபை வேலையைப் பற்றியோ சொந்த சிநேகிதரோடோ பேசாமல், தெரியாத முகத்தோடு பேசுவது என்று நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள். இவற்றைவிடப் பெரிய பலன் கொடுத்தது வேறொன்று, அதற்கான யோசனை என்.சி.டி.யிலிருந்தே வந்தது. சிறு குழுக்கள் பெருக வேண்டும், ஒரு குழுவிலிருந்து இன்னொன்று பிறக்க வேண்டும் என்பதை அவர்கள் மிகவும் வலியுறுத்துகிறார்கள். பத்து வருஷம் ஒன்றாக இருக்கும் குழுவுக்குள் புதியவரைக் கொண்டு போய் உட்கார வைத்தால், அவர்கள் சொல்லிச் சிரிக்கிற பழைய கதைகளுக்கு நடுவில் அவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார். புதியவர்களையும் பழையவர்கள் சிலரையும் சேர்த்துப் புதிதாக ஒரு குழு ஆரம்பித்தோம். அங்கே யாரும் பழையவர் இல்லை, எல்லோரும் ஒரே நாளில் ஆரம்பித்தவர்கள்.

தலைமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வு நல்லபடி முடிவதும் அலமாரிக்குள் போவதும் அங்கேதான் இருக்கிறது. நல்ல தலைமைக்கும் வெளியாள் உதவியை ஏற்றுக்கொள்ளும் மனசுக்கும் வலுவான தொடர்பு இருக்கிறது என்று என்.சி.டி. ஆய்வு சொல்கிறது. மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து எல்லா வழக்கையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று சொன்னவர் அவருடைய மாமன் எத்திரோ, அந்த ஜனத்தைச் சேர்ந்தவரே இல்லை. மோசே கேட்டார், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைத்தார். எங்கள் போதகர், மிகக் குறைந்து வந்த எண்ணை மற்றவர்கள் சொல்ல விடாமல் தாமே சபைக்கு முன்னால் வாசித்தார், இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும் என்றார். அதன் பிறகு யாரும் யாரையும் குற்றம் சாட்டும் பேச்சு எழவே இல்லை. இதே முடிவைப் போதகருடைய மதிப்பெண் அட்டையாக எடுத்துக்கொண்டு கையில் வைத்து மிரட்டும் குழுக்களும் இருக்கக் கூடும். அப்படி ஒரு எண்ணத்தோடு யாராவது இந்த ஆய்வைக் கேட்டால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

சரி, எண்களைப் பற்றி. எட்டும் 65-ஐத் தாண்டிய சபை வளரும் என்ற வாதத்தை நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆரோக்கியமும் வளர்ச்சியும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது சரி, எது எதனால் வந்தது என்று கேள்வித்தாளால் சொல்ல முடியாது. வளர்கிற சபையில் இருப்பவர்கள் அந்த உற்சாகத்திலேயே எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில் எழுதலாம். அடுத்தது, 30 பேருடைய பதிலில் 43-க்கும் 45-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. குறைந்த எண் எது என்று பார்க்கும்போது இரண்டு குணங்கள் ஒட்டி ஒட்டி இருந்தால், இதுதான் குறை என்று சண்டை போடாமல் எதைச் சரிசெய்ய ஆட்களும் மனசும் இருக்கிறதோ அதை எடுங்கள். எண்ணைவிட, எந்தக் கேள்விகளில் பதில் தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் பேசுவதற்கு நிறையக் கிடைக்கும்.

சின்னச் சபைகளுக்கு இந்த ஆய்வில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஷ்வார்ஸ் தந்திருக்கும் கணக்கில், சராசரி 51 பேர் கூடும் சிறிய சபைகள் ஐந்து வருஷத்தில் சராசரியாக 32 புதியவர்களைச் சேர்த்திருந்தன, சராசரி 2856 பேர் கூடும் மிகப் பெரிய சபைகள் சேர்த்தது 112 பேர். ஆள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எங்கே ஒருவருக்கு இடம் கிடைப்பது எளிது என்று தெரிகிறது. பெரிய சபையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கும் எந்தப் போதகரும் இந்த ஒரு கணக்கை மனதில் வைக்கலாம். ஆனால் சின்னச் சபையில் 30 பேர் என்றால் கிட்டத்தட்ட முழுச் சபையும் அதுதான், பெயர் வெளியே வராது என்றாலும் யார் எழுதியிருப்பார் என்று ஊகிக்கத் தோன்றும், அந்த ஊகத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இந்த எட்டுக்குள் வராத விஷயங்களும் உண்டு. காணிக்கைப் பணத்துக்கு ஒளிவு மறைவில்லாத கணக்கு, குழந்தைகளின் பாதுகாப்பு, போதகருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஓய்வு, இவற்றுக்குத் தனித் தலைப்பு கிடையாது. இவை சரியில்லாத சபை எட்டு குணங்களிலும் நல்ல எண் வாங்கினாலும் ரொம்ப நாள் தாங்காது. குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களை யார் விசாரித்துச் சேர்க்கிறார்கள், புகார் வந்தால் யாரிடம் போகும் என்ற கேள்விக்கு உங்கள் சபையில் உடனே பதில் இல்லையென்றால் ஆய்வைத் தள்ளிப்போட்டுவிட்டு அதை முதலில் செய்யுங்கள்.

பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரோடு சேர்த்து எடுப்பதையே நான் சொல்வேன். முடிவுகளைத் தனியாக வாசித்தால் நல்ல எண்ணைக் கொண்டாடிவிட்டு மற்றதற்குக் காரணம் தேடுவோம், வெளியிலிருந்து வருகிறவர் அதற்கு இடம் கொடுக்க மாட்டார். அப்புறம், ஒரு தடவை எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்ப எடுத்தால்தான் ஏதாவது அசைந்ததா என்று தெரியும், அப்போது வேறொன்று குறைந்த இடத்துக்கு வந்திருக்கும், அது இயல்புதான்.

இரண்டாம் முறை எடுக்கும்போது, முதல் முறைக்குப் பிறகு வந்து சேர்ந்து இப்போது ஒரு பொறுப்பில் இருப்பவர்களையும் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். அப்படி ஒருவர்கூட இல்லையென்றால் கேள்வித்தாளை எடுக்கும் முன்பே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சபையில் பிளவோ பெரிய மனஸ்தாபமோ நடந்துகொண்டிருக்கிறது என்றால் இப்போது இந்த ஆய்வை எடுக்க வேண்டாம், இரண்டு பக்கமும் எண்களை ஆயுதமாக்கிவிடும். முதலில் சமாதானம் பேசக் கூடிய ஒருவரைக் கூப்பிடுங்கள், இது அடுத்த வருஷம் இருக்கட்டும்.